வாடிக்கையாளர் கணக்குக் குறியீடு தானாக உருவாக வேண்டும்: இஆர்பிநெக்ஸ்ட்டில் எப்படி அமைப்பது?

கேள்வி: பம்புசெட் கணக்கர்

வணக்கம். கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிப் பாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்துவருகிறேன். பதினோரு ஆண்டுகளாக டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதிவந்த கணக்குகளை வரும் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றுவதென முதலாளி முடிவு செய்திருக்கிறார். இப்போது ஒரு சோதனைத் தளத்தை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறோம். சரக்கிலும் கிடங்கிலும் பெரிய சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் கணக்குக் குறியீட்டில்தான் வந்து நிற்கிறோம். குறியீடுகளில் வரும் ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் சன்ட்ரி டெட்டர்ஸ் குழுவில், அதாவது எங்களுக்குப் பணம் தர வேண்டியவர்களின் தொகுப்பில், 1,640 லெட்ஜர்கள் (தனிக் கணக்குகள்) இருக்கின்றன. அவற்றில் "ஸ்ரீ முருகன் எலக்ட்ரிகல்ஸ்" என்ற பெயரில் மட்டும் எட்டு. ஒரே பெயரில் இரண்டு லெட்ஜர் திறக்க முடியாது என்பதால் பல்லடம், தாராபுரம், உடுமலை என்று ஊரைப் பெயரோடு சேர்த்தோம். உடுமலையிலேயே இரண்டாவது கடை வந்தபோது முதல் கடைக்குப் "பழையது" என்று சேர்த்தோம். இன்னொரு லெட்ஜரின் பெயர் "ஸ்ரீ முருகன் எலக். பொள்ளாச்சி செக் வாங்காதே" என்றே இருக்கிறது. ஒரு முறை பாக்கிப் பட்டியல் அந்தப் பெயரோடு அச்சாகிக் கடைக்காரர் கைக்கே போய்விட்டது. அதை எழுதியது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெயரை நம்பிப் பயனில்லை என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீடு வைத்து, அதை லெட்ஜரின் மாற்றுப்பெயர்ப் புலத்தில் (மாற்றுப்பெயர் எழுதும் கட்டத்தில்) கையால் எழுதத் தொடங்கினோம். பல்லடத்துக் கடை என்றால் பிஎல்டி-017, தாராபுரம் என்றால் டிபிஎம்-009 என்ற முறை. அடுத்த எண் எது என்பதற்குப் பில் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கூட்டமான நாளில் நோட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எண் போடுவார்கள். இரண்டு மேசையில் ஒரே எண் எடுத்து, ஒருவர் பதிந்த பிறகு மற்றவர் திணறுவதும் வழக்கமாகிவிட்டது.

புதிய மென்பொருளில் எதையும் மாற்றாமல் அதே பெயரில் இரண்டாவது வாடிக்கையாளரைப் பதிந்து பார்த்தேன். பெயரின் பின்னால் "- 1" என்று தானாக ஒட்டிக்கொண்டது. இது எங்கள் "பழையது" என்பதைவிட எந்த வகையிலும் மேலானதாகத் தெரியவில்லை. எனவே ஊரின் மூன்றெழுத்தும் அந்த ஊருக்குரிய தொடர் எண்ணும் சேர்ந்த குறியீடு தானாகவே உருவாக வேண்டும். இப்போதுள்ள 1,640 குறியீடுகளும் மாறாமல் வர வேண்டும். இரண்டு மேசையில் ஒரே நொடியில் சேமித்தாலும் எண் இடிக்கக் கூடாது. விற்பனை, மின்கட்டணம், வாடகை போன்ற பொதுக் கணக்குகளுக்கும் இதேபோல் எண் தானாக வருமாறு செய்ய முடியுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பேரேடு

வணக்கம். நீங்கள் கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் டேலியிலிருந்து வருபவர்கள் அனைவரும் தடுமாறும் இடம் அதுதான். டேலியில் மின்கட்டணமும் ஒரு லெட்ஜர், முருகன் எலக்ட்ரிகல்ஸும் ஒரு லெட்ஜர். இரண்டும் ஒரே வகை. இஆர்பிநெக்ஸ்ட்டில் அப்படி இல்லை. அங்கே "டெட்டர்ஸ்" என்ற ஒரே கணக்குத்தான் பேரேட்டில் இருக்கும். உங்கள் 1,640 பேரும் கணக்குகள் அல்லர், "பார்ட்டி"கள். பில் போடும்போது பற்று டெட்டர்ஸ் கணக்கில் விழும். எந்தப் பார்ட்டி என்பது அதே பதிவின் இன்னொரு புலத்தில் இருக்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரே முறையில் அமைந்த குறியீடு அன்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள்.

பொதுக் கணக்குகளின் எண்ணைத் தானியக்கத்துக்கு விடாதீர்கள். மென்பொருளும் அதைத் தானாகத் தருவதில்லை. நிறுவனத்தைப் பதியும்போது எண்களோடு கூடிய கணக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் சொத்துகள் 1000த்திலும், பொறுப்புகள் 2000த்திலும், மூலதனம் 3000த்திலும், வருமானம் 4000த்திலும், செலவு 5000த்திலும் தொடங்கும். டெட்டர்ஸுக்கு 1310, கிரெடிட்டர்ஸுக்கு (நாம் பணம் தர வேண்டியவர்களுக்கு) 2110 என்று இருக்கும். இங்கே எண்ணின் இடமே அதன் பொருள். இன்று ஒரு செலவுக் கணக்கையும் நாளை ஒரு வங்கிக் கணக்கையும் திறந்து, இரண்டுக்கும் அடுத்தடுத்த எண் தானாக விழுந்தால், அந்தப் பொருள் போய்விடும். உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு இத்தகைய கணக்குகள் நூறைத் தாண்டுவது அரிது, ஆண்டுக்கு நான்கைந்து புதிதாகத் திறந்தாலே அதிகம். பத்துப் பத்தாக இடைவெளி விட்டுக் கையாலேயே எண் கொடுங்கள். கொடுக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் வையுங்கள்.

வாடிக்கையாளர் குறியீட்டுக்கு வருவோம். "செல்லிங் செட்டிங்ஸ்" பக்கத்தில் "கஸ்டமர் நேமிங் பை" என்ற தெரிவு "கஸ்டமர் நேம்" என்று இருக்கும். நீங்கள் பார்த்த "- 1" அதனால்தான் வந்தது. அதை "நேமிங் சீரீஸ்" என்று மாற்றுங்கள். பிறகு "டாக்குமென்ட் நேமிங் செட்டிங்ஸ்" பக்கத்தைத் திறந்து, ஆவண வகையாகக் கஸ்டமரைத் தேர்ந்து, தொடரின் வடிவத்தை எழுதுங்கள். சி-.##### என்று எழுதினால் முதல் வாடிக்கையாளர் சி-00001 ஆவார். எத்தனை # குறியோ அத்தனை இலக்கம். ஐந்து இலக்கம் நிரம்பினாலும் மென்பொருள் நின்றுவிடாது, ஆறாவது இலக்கத்துக்குப் போகும். வரிசைப்படுத்தும்போது மட்டும் கொஞ்சம் குழம்பும். எழுதி முடித்ததும் அடுத்து வரவிருக்கும் எண்களை அதே பக்கத்தில் முன்னோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். சப்ளையர்களுக்கும் இதேபோன்ற தெரிவு "பையிங் செட்டிங்ஸ்" பக்கத்தில் இருக்கிறது.

இரண்டு மேசைகளைப் பற்றிய கவலை வேண்டாம். எண் தரப்படுவது படிவத்தைத் திறக்கும்போது அன்று, சேமிக்கும்போது. முன்னொட்டு (எண்ணுக்கு முன் வரும் சி- போன்ற எழுத்து) ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்தில் ஓர் எண்ணி, அதாவது கடைசியாகத் தந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கும் ஒரு வரி, இருக்கிறது. ஒருவர் சேமிக்கும் கணத்தில் அந்த வரி பூட்டப்படும், மற்றவர் நொடியின் ஒரு பகுதி காத்திருந்து அடுத்த எண்ணைப் பெறுவார். நோட்டுப் புத்தகத்துக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

ஆனால் ஊரைக் குறியீட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகவே முடியும். வடிவத்துக்குள் ஒரு புலத்தின் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுதினால், அந்தப் புலத்தின் மதிப்பு முன்னொட்டோடு சேரும், ஊருக்கொரு எண்ணி தனித்தனியே ஓடும். "டாக்குமென்ட் நேமிங் ரூல்" என்ற வசதியின் மூலம், இந்த ஊர் என்றால் இந்த முன்னொட்டு என்று நிபந்தனையும் விதிக்கலாம்; விதி பொருந்தினால் சாதாரணத் தொடரைவிட அதற்கே முன்னுரிமை. கேள்வி என்னவென்றால், பல்லடத்துக் கடை காங்கேயத்துக்கு இடம் மாறினால் என்ன செய்வீர்கள்? குறியீட்டை மாற்றினால் ஏற்கெனவே அச்சடித்த பில்களில் பழையது இருக்கும். மாற்றாவிட்டால் பிஎல்டி என்ற எழுத்து பொய் சொல்லும். இரண்டாவது, புலத்தை யாராவது "உடுமலை" என்றும் மற்றொருவர் "உடுமலைப்பேட்டை" என்றும் எழுதினால் இரண்டு தொடர் பிறந்து, இரண்டிலும் 001 இருக்கும். ஊர் வேண்டுமென்றால் அதற்கு "டெரிட்டரி" என்ற தனிப் புலம் இருக்கிறது. அறிக்கைகளை அதை வைத்துப் பிரிக்கலாம். குறியீட்டுக்கு இருக்கும் ஒரே வேலை, இது வேறு அது வேறு என்று காட்டுவது.

பம்புசெட் கணக்கர்

மிக்க நன்றி. டெட்டர்ஸ் ஒரே கணக்கு என்பது இப்போதுதான் விளங்கியது. சோதனைத் தளத்தில் ஒவ்வொரு கடைக்கும் தனிக் கணக்குத் திறக்கத் தொடங்கி, நாற்பது வரை திறந்தும்விட்டேன். அழித்துவிடுகிறேன்.

ஊரை நீக்குவது பற்றி முதலாளியிடம் பேசினேன். புதியவர்களுக்கு வெறும் எண் இருக்கட்டும், பழையவர்களின் குறியீட்டைத் தொடக் கூடாது என்கிறார். கடைக்காரர்கள் தொலைபேசியில் ஆர்டர் சொல்லும்போது "பிஎல்டி பதினேழு" என்றுதான் சொல்கிறார்களாம். பழைய குறியீடுகளை அப்படியே உள்ளே கொண்டுவர வழி உண்டா?

பதில்: ஈரோட்டுத் தறி

உண்டு; நாங்கள் அதைச் செய்து, அடியும் வாங்கியிருக்கிறோம். "டேட்டா இம்போர்ட்" வழியாக வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும்போது ஐடி என்ற நிரலில் (நெடுவரிசையில்) பழைய குறியீட்டைக் கொடுத்தால், மென்பொருள் அதையே வைத்துக்கொள்ளும், புது எண் போடாது. நிரலைக் காலியாக விட்டால் தொடரிலிருந்து எண் தரும். இதுவரை எளிது.

எங்கள் பழைய குறியீடுகள் சி-00001 என்ற அதே வடிவத்தில் இருந்தன. ஏறத்தாழ 2,300 பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றி முடித்தோம். திங்கட்கிழமை காலை முதல் புது வாடிக்கையாளரைப் பதிந்தபோது, அந்தப் பெயரில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று பிழை வந்தது. மறுபடி சேமித்தாலும் அதே பிழை. பதினைந்து முறை அழுத்திப் பார்த்தார்கள். காரணம், ஐடி கொடுத்து ஏற்றும்போது எண்ணி நகர்வதில்லை. அது பூஜ்யத்திலேயே இருந்தது. சேமிக்கும்போது 00001 என்று தர முயன்று, அந்த எண் ஏற்கெனவே இருப்பதால் தோற்று, தோற்றதும் எண்ணியும் பழைய நிலைக்கே திரும்பியது. அதனால்தான் எத்தனை முறை அழுத்தினாலும் ஓர் அடி முன்னேறவில்லை.

"டாக்குமென்ட் நேமிங் செட்டிங்ஸ்" பக்கத்தின் கீழ்ப்பகுதியில் "அப்டேட் சீரீஸ் கவுன்டர்" என்று ஓர் இடம் இருக்கிறது. முன்னொட்டைத் தேர்ந்து, நடப்பு எண்ணை அங்கே எழுத வேண்டும். நான் அங்கே 2300 என்று எழுதினேன். சி-02301, 02302, 02303 மூன்றும் ஒழுங்காக வந்தன. நான்காவதில் மீண்டும் அதே பிழை. இடையில் பல கணக்குகளை ஆண்டுக்கணக்காக நீக்கியிருந்ததால் ஆட்கள் 2,300 பேரே இருந்தாலும் எண்கள் 2418 வரை ஓடியிருந்தன. எழுத வேண்டியது எத்தனை பேர் என்பதை அன்று, இருப்பதிலேயே பெரிய எண்ணை. பட்டியலை எக்செல்லில் இறங்குவரிசையில் அடுக்கி, முதல் வரியைப் பார்த்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

உங்களுக்கு இந்தத் தொல்லை வராது, ஏனென்றால் பழையவை பிஎல்டி, டிபிஎம் என்று இருக்கின்றன, புதியவை சி என்று தொடங்கப்போகின்றன. எண்ணி முன்னொட்டுக்கு ஒன்று என்பதால் இரண்டும் மோதாது. முதலாளியின் சொல்லைக் கேட்பதில் இப்படியும் ஓர் ஆதாயம். ஆனால் எழுத்து முன்னொட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வெறும் 00417 என்று வைத்தால், எக்செல் கோப்பை ஒரு முறை திறந்து சேமித்ததும் முன்னாலுள்ள பூஜ்யங்கள் உதிர்ந்து 417 ஆகிவிடும், அடுத்த இறக்குமதியில் அது வேறொரு ஆளாகப் பதிவாகும்.

இன்னொன்று. கடைசியாகப் பதிந்த வாடிக்கையாளரை அழித்தால் எண்ணியும் ஓர் அடி பின்வாங்கி, அதே எண்ணை அடுத்தவருக்குத் தரும். பரிவர்த்தனை இருப்பவரை அழிக்க மென்பொருளே விடாது. ஆனால் காலையில் பதிந்து, குறியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாலையில் வேண்டாமென்று அழித்தால், அந்தக் குறியீடு மறுநாள் வேறொரு கடைக்குப் போகும். எங்கள் அலுவலகத்தில் அழிக்கும் உரிமையையே எடுத்துவிட்டோம். "டிசேபிள்டு" (செயலில் இல்லை) என்று குறித்து விட்டுவிடுவோம்.

பதில்: நூல்கண்டு

இவ்வளவு சுற்றுவானேன்? ஒவ்வொரு கடைக்கும் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. பதினைந்து எழுத்து, நாடு முழுவதும் தனித்தது, கடைசி எழுத்து சரிபார்ப்புக்கென்றே இருப்பதால் தவறாக அடித்தாலும் தெரிந்துவிடும். அதையே குறியீடாக வைத்தால் என்ன? வேண்டுமானால் பில் எண்ணிலும் அதன் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில்: பேரேடு

ஜிஎஸ்டி எண்ணை வாடிக்கையாளர் பதிவில் கட்டாயம் வையுங்கள். குறியீடாக வைக்க வேண்டாம். முதலாவதாக, எல்லாரிடமும் அது இருக்காது. பம்புசெட் உதிரிப் பாகம் வாங்குபவர்களில் மோட்டார் காயில் கட்டும் மெக்கானிக்குகளும் விவசாயிகளும் இருப்பார்கள். சரக்கு மட்டும் விற்பவர், தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதாக, கோவையிலும் பாலக்காட்டிலும் கிளை வைத்திருக்கும் ஒருவருக்கு தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கும் எண் ஒன்றும் கேரளத்துக்குரிய 32இல் தொடங்கும் எண் ஒன்றும் இருக்கும். மூன்றாவதாக, அந்த எண்ணின் நடுவில் இருக்கும் பத்து எழுத்து பான் எண். தந்தை தனியாளாக நடத்திய கடையை மகனையும் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கினால் பான் மாறும், அதோடு ஜிஎஸ்டி எண்ணும் மாறும். சட்டப்படி அது புதிய ஆள் என்பதால், அப்போது புதிய குறியீட்டைத் திறப்பதே முறை; பழைய பாக்கியைப் பழைய குறியீட்டிலேயே வசூலிக்க வேண்டும். இந்த முடிவை எடுக்க வேண்டியது கணக்கர்.

பில் எண்ணோடு வாடிக்கையாளர் குறியீட்டைக் கலப்பது இன்னும் தவறு. மத்திய ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வரக் கூடாது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்வுக்கோடு தவிர வேறொன்றும் கூடாது. ஆண்டு முன்னொட்டு பில்லுக்குப் பொருந்தும், வாடிக்கையாளருக்குப் பொருந்தாது. வாடிக்கையாளர் குறியீட்டில் இடையில் எண் விட்டுப்போனால் எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். பில்லில் விட்டுப்போனால் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே கவனம் தேவை என்று நினைத்துக்கொண்டு வாடிக்கையாளர் எண்ணில் உள்ள ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. குறியீடு தானாக வரத் தொடங்கியதும், ஒரே ஆளை இரண்டு முறை பதிவது மிக எளிதாகிவிடும். பெயரே அடையாளமாக இருந்தவரை "- 1" என்று ஒட்டிக்கொண்டதாவது ஓர் எச்சரிக்கையாக இருந்தது. இப்போது ஒரே முருகன் எலக்ட்ரிகல்ஸுக்கு சி-00012 என்றும் சி-00087 என்றும் இரண்டு இருக்கும், மென்பொருள் வாயே திறக்காது. பாக்கி இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கும், கடன் வரம்பும் இரட்டிப்பாகும். எனவே "கஸ்டமைஸ் ஃபார்ம்" பக்கத்தில் கைபேசி எண்ணுக்கென்று ஒரு புலத்தைச் சேர்த்து, அதைக் கட்டாயமாக்கி, "யுனீக்" என்றும் குறித்துவிடுங்கள். அதே எண்ணோடு இரண்டாவது பதிவு வந்தால் சேமிக்க விடாது. அதையும் மீறி இரட்டை வந்தால், பெயர்மாற்ற வசதியிலேயே ஏற்கெனவே உள்ள பதிவோடு இணைக்கும் தெரிவு இருக்கிறது. பில், ரசீது அனைத்தும் ஒன்றன்கீழ் வந்துவிடும். இணைத்த பிறகு பிரிக்க முடியாது என்பதால் அன்றைய காப்புப்பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பம்புசெட் கணக்கர்

இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சோதனைத் தளத்தில் செய்தவற்றைச் சொல்கிறேன்.

கைபேசி எண்ணை "யுனீக்" என்று குறித்துப் பழைய பட்டியலை ஏற்றியபோது 1,640 வரிகளில் 63 தோற்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 41 உண்மையிலேயே இரட்டைகள். எட்டு முருகன்களில் இரண்டு ஒருவரே, அந்தப் "பழையது" உட்பட. மீதி 22இல் பெரும்பாலானவை எங்கள் விற்பனையாளர் தம்முடைய கைபேசி எண்ணையே கடைகளுக்கு எழுதிவைத்தவை. அவரை உட்காரவைத்து ஒவ்வொரு கடைக்கும் தொலைபேசி செய்யச் சொல்லியிருக்கிறோம்.

புதியவர்களுக்கு சி-.##### என்று வைத்து, இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் சேமித்துப் பார்த்தோம். 00001, 00002 என்று ஒழுங்காக வந்தன. பில் போடும் பையன்களுக்கு எண் மட்டும் தெரிந்தால் குழப்பமாக இருந்தது. 00145ஐ 00154 என்று அடித்து வேறு கடைக்குப் பில் போட்டுவிட்டார் ஒருவர். "கஸ்டமைஸ் ஃபார்ம்" பக்கத்திலேயே இணைப்புப் புலங்களில் தலைப்பைக் காட்டும் தெரிவு இருப்பதைப் பார்த்து அதை இயக்கியதும், குறியீட்டின் இடத்தில் கடைப் பெயர் தெரிகிறது, தேடும் பட்டியலில் ஊரும் கீழே வருகிறது.

ஒரே ஒரு ஐயம் மீதியிருக்கிறது. எங்களுடையது பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் (எது எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு) இருக்க வேண்டும் என்பதால், குறியீட்டை மாற்றினாலோ இரண்டு பதிவுகளை இணைத்தாலோ அதுவும் பதிவாகிறதா என்று ஆடிட்டர் கேட்கிறார்.

பதில்: ஈரோட்டுத் தறி

எது எதுவாக மாறியது என்று அந்த வாடிக்கையாளர் பக்கத்தின் அடியிலேயே, மாற்றியவர் பெயரோடும் நேரத்தோடும் ஒரு வரி விழும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆடிட்டருக்குக் காட்டுங்கள். ஆனால் இரட்டைகள் 41ஐயும் ஏப்ரலுக்கு முன், பட்டியலை ஏற்றுவதற்கு முன்பே எக்செல்லில் இணைத்துவிட்டால், மென்பொருளுக்குள் இணைக்க வேண்டிய தேவையே வராது. தொடக்க இருப்பையும் அப்போதே கூட்டி ஒரே வரியாக ஏற்றலாம்.

பொள்ளாச்சிக்காரரின் பெயரையும் அதற்குள் திருத்திவிடுங்கள்.